போரில் மூழ்கடிக்கப்பட்ட கப்பலின் வரலாற்றைத் தேடுவது எப்படி: திலாவாவை முன்வைத்து ஒரு வழிகாட்டி

1942 நவம்பர் 23 அதிகாலையில், பம்பாயிலிருந்து மொம்பாசா வழியாக டர்பன் நோக்கிச் சென்றுகொண்டிருந்த திலாவா என்னும் பயணிகள்-சரக்குக் கப்பலை, ஐ-29 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அரபிக்கடலின் தென்பகுதியில் டார்பிடோவால் தாக்கியது. முதல் தாக்குதலில் கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை. இரண்டாவது டார்பிடோதான் அதன் கதையை முடித்தது. 280 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன இந்தியர்கள். இத்தனை பெரிய துயரம் பல பத்தாண்டுகளாக அந்தந்தக் குடும்பங்களின் நினைவில் மட்டுமே தங்கியிருந்தது. இப்படி மூழ்கிய ஒரு கப்பலைப் பற்றி, அல்லது அதில் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி, ஆவணங்களின் துணையோடு அறிய விரும்புவோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். திலாவாவையே உதாரணமாகக் கொள்கிறேன். தேவைப்படும் இடங்களில் வேறு கப்பல்களையும் தொட்டுக்கொள்கிறேன்.

வேலையைத் தொடங்கும்போது கையில் ஒரு பெயரும் ஏறக்குறைய ஓர் ஆண்டும் மட்டுமே இருக்கும். 'தாத்தா கப்பலில் போனார், ஜப்பான்காரன் குண்டு போட்டான்' என்ற அளவில்தான் பெரும்பாலான குடும்பச் செய்திகள் இருக்கின்றன. அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆனால் ஆட்களைத் தேடும் முன் கப்பலைச் சரியாக அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், ஏனெனில் ஆவணங்கள் கப்பல்வாரியாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

கப்பலை அடையாளம் காணுதல்

ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கின்றன. ஒரே கப்பல் பல பெயர்களில் ஓடியதும் உண்டு. 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வரும் வழியில், மாலத்தீவுக்கு அருகே ஐ-27 என்னும் ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்த கெடிவ் இஸ்மாயில் கப்பல், 1922-இல் சிலி நாட்டு நிறுவனத்துக்காக அக்கோன்காகுவா என்ற பெயரில் கட்டப்பட்டது. அதன் பழைய வரைபடங்களையும் படங்களையும் புதிய பெயரில் தேடினால் கிடைக்காது. ஆகவே முதலில், கப்பல்களின் விவரங்களை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் லாய்ட்ஸ் பதிவேட்டின் உரிய ஆண்டுத் தொகுதியைப் பாருங்கள். 1930 முதல் 1945 வரையிலான தொகுதிகளின் பக்கங்கள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதிலிருந்து கட்டிய ஆண்டு, கட்டிய தளம், உரிமையாளர், முன்பெயர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கப்பலின் அதிகாரபூர்வப் பதிவு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறினாலும் இந்த எண் மாறாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் கப்பல்களின் ஊழியர் பட்டியல்கள் இந்த எண்ணின் வரிசையிலேயே வைக்கப்பட்டிருப்பதால், பின்னர் இது பெரிதும் பயன்படும்.

திலாவா 1924-இல் இங்கிலாந்தின் ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குச் சொந்தமானது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலாவை நம் வீடுகளில் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். அதுவும் இதே கம்பெனியின் கப்பல்தான். இந்தக் கம்பெனி 1914 முதல் பி அண்ட் ஓ குழுமத்தைச் சேர்ந்தது என்பதால், அதன் பழைய ஆவணங்களைத் தேடுவோர் பி அண்ட் ஓ தொகுப்பைப் பார்க்க வேண்டும்; அது லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை. திலாவா 10,006 டன் கப்பல் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை எடை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். இது கப்பலின் உள்ளளவு. 100 கன அடி ஒரு டன். அதே கப்பல் அந்தப் பயணத்தில் ஏற்றியிருந்த சரக்கு 6,472 டன் என்பதுதான் எடைக் கணக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் விளக்கமின்றி எழுதினால் படிப்பவர் குழம்பிப்போவார்.

நாளும் இடமும்

ஒரே தாக்குதலுக்கு இரண்டு தேதிகள் தென்பட்டால், அவற்றில் ஒன்று பிழை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற கப்பல், பிரிட்டனிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளுடன் அட்லாண்டிக்கில் யு-48 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளில் 77 பேர் இறந்தனர். கப்பலில் இருந்தவர்களின் கடிகாரத்தில் அது 1940 செப்டம்பர் 17, இரவு பத்து மணி. நீர்மூழ்கியின் கணக்கிலோ செப்டம்பர் 18, நள்ளிரவு கடந்து ஒரு நிமிடம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் எந்தக் கடலில் இருந்தாலும் ஜெர்மனியின் நேரத்தையே வைத்துக்கொண்டன. கோடையில் அது கிரீனிச்சைவிட இரண்டு மணி முன்னே ஓடும். ஜப்பானியக் கடற்படையும் இந்தியப் பெருங்கடலில் டோக்கியோ நேரத்திலேயே எழுதியது. திலாவா மூழ்கிய தீர்க்கரேகையில் உள்ளூர் நேரத்துக்கும் டோக்கியோ நேரத்துக்கும் ஐந்து மணி வேறுபாடு உண்டு. அங்கே மாலை ஏழு மணிக்குப் பிறகு நடக்கும் எதுவும் ஜப்பானிய ஏட்டில் மறுநாள் தேதியில்தான் இருக்கும். எனவே நேரம் எங்கே குறிப்பிடப்பட்டாலும் அது யாருடைய கடிகாரம் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

இடத்துக்கும் இதே கவனம் வேண்டும். திலாவா 7 பாகை (டிகிரி) 36 கலை (நிமிடம்) வடக்கு, 61 பாகை 8 கலை கிழக்கு என்ற புள்ளியில் மூழ்கியதாகவும், சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே 930 மைல் என்றும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று கணக்கிட்டுப் பார்த்தேன். சீஷெல்ஸின் விக்டோரியா துறைமுகம் 4 பாகை 37 கலை தெற்கு, 55 பாகை 27 கலை கிழக்கு. அட்சரேகை வேறுபாடு 12 பாகைக்குச் சற்றுக் கூடுதல். ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்றால் 733 கடல் மைல். தீர்க்கரேகை வேறுபாடு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால், ஏறத்தாழ 341 கடல் மைல். இவை இரண்டும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் என்று கொண்டால் கர்ணம் 808 கடல் மைல் வருகிறது. 930 வரவில்லையே என்று முதலில் திகைத்தேன். பிறகு 808-ஐ 1.15-ஆல் பெருக்கியபோது 930 கிடைத்தது. யாரோ ஒருவர் கடல் மைலைத் தரை மைலாக மாற்றியிருக்கிறார். அதற்குப் பின் வந்தவர்கள் வெறுமனே 'மைல்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தாளும் பென்சிலும் போதுமான இந்தச் சோதனையை உங்கள் கப்பலுக்கும் செய்யுங்கள். கணக்கு ஒத்துவந்தால் புள்ளியின் மீது நம்பிக்கை கூடும். வராவிட்டால் எங்கே பிழை நுழைந்தது என்பதைத் தேட ஒரு முனை கிடைக்கும்.

மூழ்கியவர், மூழ்கடித்தவர், மீட்டவர்

ஒரு கப்பல் மூழ்கியதைப் பற்றி மூன்று தரப்பினர் எழுதியிருக்கக்கூடும். ஒவ்வொரு தரப்பும் எதற்காக எழுதியது என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொடியின் கீழ் ஓடிய கப்பல் என்றால், மூழ்கியவர் தரப்பின் ஆவணங்களுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகமே முதல் இடம். அதன் இணைய அட்டவணையில் யார் வேண்டுமானாலும் தேடலாம். நகல்களைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். பி.டி. (BT) 389 என்ற தொகுதியில் போர்க்காலக் கப்பல்களின் நடமாட்ட அட்டைகள் உள்ளன. எந்தத் துறைமுகத்துக்கு எப்போது வந்தது, எப்போது புறப்பட்டது என்பதை இவற்றிலிருந்து நாள்வாரியாக அமைத்துவிடலாம். ஏ.டி.எம். (ADM) 199 தொகுதியில் 2130 முதல் 2148 வரையிலான கோப்புகள், உயிர்தப்பியவர்களை அட்மிரால்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் நேரில் விசாரித்து எழுதிய அறிக்கைகள். டார்பிடோ எந்தப் பக்கம் பட்டது, எத்தனை படகுகள் இறங்கின, கம்பியில்லாத் தந்தி அனுப்பப்பட்டதா என்பனவெல்லாம் இவற்றில் இருக்கும். ஆனால் இவற்றில் பேசுபவர் பெரும்பாலும் கேப்டன், அல்லது உயிரோடு எஞ்சிய மூத்த அதிகாரி. இயந்திர அறையில் கரி அள்ளியவனின் குரலோ, அடித்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த பயணியின் குரலோ இவற்றில் அரிதாகவே வரும். அறிக்கையை அதன் சொல்லுக்காக மட்டும் படிக்காமல், அது சொல்லாமல் விட்ட இடங்களையும் குறித்துவைக்க வேண்டும்.

மூழ்கடித்தவர் தரப்பில் ஜெர்மன் நீர்மூழ்கிகளின் போர் நாட்குறிப்புகள் பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1942 டிசம்பரில் யு-515 மூழ்கடித்த செராமிக் கப்பலில் இருந்த 656 பேரில் ஒருவரே உயிர் தப்பினார். அவரும் சிறைப்பிடிக்கப்பட்டு நீர்மூழ்கியிலேயே கொண்டுபோகப்பட்டார். இத்தகைய நிகழ்வில் எதிரியின் குறிப்பில்லாமல் வரலாறே இல்லை. ஆயினும் நீர்மூழ்கித் தளபதி இருட்டில், அலைகளுக்கு நடுவே பார்த்து மதிப்பிட்ட கப்பலின் அளவு பல நேரங்களில் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். அதை அப்படியே எடுத்தாளக் கூடாது.

ஜப்பானிய ஆவணங்கள் இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. 1945 ஆகஸ்டில் சரணடையும் வேளையில் ஏராளமானவை எரிக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை ஜப்பானின் ஆசிய வரலாற்று ஆவண மையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் நீர்மூழ்கியின் பெயரைக் கொடுத்துத் தேட வேண்டும். ஐ-29 விஷயத்தில் வேறொரு வழியும் உண்டு. 1943 ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடலில், யு-180 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஏற்றிக்கொண்டு சுமத்ராவின் சபாங்குக்குக் கொண்டுவந்தது இதே ஐ-29 தான். திலாவாவின் இந்தியப் பயணிகளைக் கடலில் மூழ்கடித்த அதே கலம் ஐந்து மாதம் கழித்து நேதாஜியைச் சுமந்து வந்தது என்பதை அறிந்தபோது வெகுநேரம் என்னால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை. நேதாஜியின் பயணம் காரணமாக ஐ-29-ஐப் பற்றி ஆய்வாளர்கள் நிறையத் தோண்டியிருக்கிறார்கள். அந்தக் கலம் பினாங்குத் தளத்திலிருந்து எப்போதெல்லாம் புறப்பட்டது என்பதை அவர்கள் வழியாக எளிதில் அறியலாம். 1944 ஜூலை 26 அன்று பிலிப்பைன்ஸுக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கியான சாஃபிஷ் ஐ-29-ஐ மூழ்கடித்துவிட்டதால், அந்தக் கலத்தில் இருந்தவர்களின் பிற்கால நினைவுக்குறிப்புகளைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது தரப்பை, அதாவது மீட்டவர்களை, தேடுவோர் மறந்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் எண்ணிக்கைகளுக்கு மிக நம்பகமான சான்று இவர்களுடையதே. மீட்கப்பட்டவருக்குச் சோறும் போர்வையும் கொடுத்தாக வேண்டிய கப்பல், தலைகளை எண்ணாமல் இருக்க முடியாது. திலாவாவில் தப்பியவர்களை ஹெச்.எம்.எஸ். பர்மிங்காம் என்ற போர்க்கப்பல் நவம்பர் 25 அன்று மீட்டு, 27 அன்று பம்பாயில் இறக்கியது. நால்வரை மட்டும் கார்த்தேஜ் என்ற மற்றொரு கப்பல் மீட்டது. கடற்படைக் கப்பல்களின் நாட்பதிவேடுகள் ஏ.டி.எம். 53 தொகுதியில் உள்ளன. சிறிய போர்க்கப்பல்களின் பதிவேடுகள் பல இந்தப் போரிலிருந்து பாதுகாக்கப்படவில்லை என்றாலும், பர்மிங்காம் போன்ற குரூசர் வகைக் கப்பல்களுக்கு அந்தக் குறை பொதுவாக இல்லை. கார்த்தேஜ் பயணிகள் கப்பலாகக் கட்டப்பட்டதுதான் என்றாலும், அப்போது பீரங்கி பொருத்தப்பட்டுக் கடற்படைப் பணியில் இருந்தது. ஆகவே அதையும் கடற்படைத் தொகுதிகளில் தேடுவதே முறை.

எண்ணிக்கைகள் கிடைத்தவுடன் கூட்டிப் பார்த்துவிடுங்கள். திலாவாவில் பயணிகள் 732, ஊழியர் 222, பீரங்கி இயக்குவோர் 4, ஆக 958. தப்பியவர் 678. இறந்தவர் 280, அதில் பயணிகள் 252, ஊழியர் 28. இந்தக் கணக்கு இடிக்காமல் நிற்கிறது. எங்கேனும் 954 என்றோ 674 என்றோ ஓர் எண் தென்பட்டால், பீரங்கி இயக்கிய நால்வரோ, கார்த்தேஜ் மீட்ட நால்வரோ விடுபட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பீரங்கிக்காரர்கள் வணிகக் கப்பலில் பயணம் செய்தாலும் கடற்படையையோ தரைப்படையையோ சேர்ந்தவர்கள். அவர்கள் பெயர் அந்தப் படைகளின் பட்டியல்களில் இருக்கும்.

பெயர்களைத் தேடுவது

இந்த வேலையின் உயிர் இதுதான். மிகக் கடினமான பகுதியும் இதுவே. கப்பல் ஊழியருக்கு ஓரளவு வழி இருக்கிறது. பி.டி. 381-இல் போர்க்கால ஊழியர் பட்டியல்கள் கப்பலின் பதிவு எண் வரிசையில் உள்ளன. இந்திய மாலுமிகளான லஸ்கர்கள் பெரும்பாலும் தனி ஒப்பந்தத்தின் கீழ் பதியப்பட்டார்கள் என்பதால், ஆங்கிலேய அதிகாரிகளின் பட்டியலோடு தேடலை நிறுத்திவிடக் கூடாது. அதே பெட்டியில், லஸ்கர்களின் தலைவரான சாரங்கின் கீழ் வேலை செய்தவர்களின் பட்டியல் தனியாக இருக்கிறதா என்று காப்பகத்தாரிடம் குறிப்பிட்டுக் கேளுங்கள். பி.டி. 382 என்ற மாலுமிப் பதிவேட்டில் இந்தியரையும் பிற ஆசியரையும் கொண்ட பகுதி தனியே உண்டு. கடலில் இறந்த மாலுமிகளும் பயணிகளும் பதியப்பட்ட ஏடுகள் பி.டி. 334-இல் இருக்கின்றன.

இறந்த மாலுமிகளின் நினைவுப் பதிவுகளை காமன்வெல்த் போர்க்கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். பிரிட்டிஷ் அதிகாரிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவுச் சின்னத்தில் வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன. கடலையே கல்லறையாகக் கொண்ட இந்திய மாலுமிகளுக்கு அப்படிப்பட்ட பலகை கிடையாது. ஏறத்தாழ ஆறாயிரம் இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் ஒரு நினைவுப் புத்தகத்தில் எழுதப்பட்டு, ஒரு படி சிட்டகாங் போர்க்கல்லறையிலும் மற்றொரு படி மும்பை இந்திய மாலுமிகள் இல்லத்திலும் வைக்கப்பட்டுள்ளன. ஒரே கப்பலில், ஒரே இரவில் இறந்தவர்களின் பெயர்கள் இப்படி இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்து எழுதுவது தேடுபவரின் கடமை என்று நான் நினைக்கிறேன்.

பயணிகளுக்கு இந்த வழிகள் போதா. பிரிட்டனுக்கு வந்த, பிரிட்டனிலிருந்து போன கப்பல்களின் பயணிகள் பட்டியல்கள்தான் கியூவில் உள்ளன. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன கப்பலை அவற்றில் தேடுவது வீண். அதற்கு இரு முனைகளிலும் முயல வேண்டும். புறப்பட்ட முனையில் மும்பையில் உள்ள மகாராஷ்டிர மாநில ஆவணக் காப்பகமும், தில்லியின் தேசிய ஆவணக் காப்பகமும் உள்ளன. தில்லிக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் தனித்தனியே இட்டுத் தேடுங்கள். சேர்ந்த முனையில் டர்பன் காப்பகத்தின் குடிவரவு ஆவணங்கள் உதவும்: முன்பே அங்கே குடியிருந்து ஊருக்கு வந்து திரும்பியவர் என்றால் அவருடைய பழைய கோப்பு அங்கே இருக்கலாம். டர்பன் ஆவணங்களில் தமிழ்ப் பெயர்களைத் தேடுவோர் எழுத்துக்கூட்டலில் தாராளமாக இருக்க வேண்டும். முனுசாமி அங்கே மூன்சாமி. கவுண்டர் அங்கே கோவெண்டர். நாயுடு, பிள்ளை, படையாச்சி எல்லாம் ஆங்கிலத்தில் நம் கண்ணுக்குப் பழகாத வடிவில் இருக்கும். உச்சரித்துப் பார்த்து, அந்த ஒலியை ஓர் ஆங்கில எழுத்தர் எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று ஐந்தாறு வடிவங்களை எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள்.

வீட்டுப் பெட்டியையும் அலட்சியம் செய்யாதீர்கள். உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்று எளிதில் கிடைத்திருக்காது. ஏழாண்டுகள் செய்தியே இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்பது அன்று நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் விதி. நிலத்தைப் பிரிக்கவும் பெயர் மாற்றவும் குடும்பத்தார் நீதிமன்றம் போயிருந்தால், அந்த மனுவில் கப்பலின் பெயரும் புறப்பட்ட நாளும் இருக்க வாய்ப்புண்டு. வீட்டில் பழைய பத்திரக் கட்டு இருந்தால் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் படித்துவிடுங்கள்.

செய்தித்தாளும் நீதிமன்றமும்

போர்க்காலத் தணிக்கையால் கப்பலின் பெயரோ இடமோ இல்லாமல் செய்தி வெளிவருவதும், வாரக்கணக்கில் தாமதமாக வருவதும் வழக்கம். ஆகவே மூழ்கிய நாளுக்குப் பின் குறைந்தது ஆறு மாதச் செய்தித்தாள்களைப் பார்க்க வேண்டும். பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படிக்க உதவும் இணையதளங்களில் ஆஸ்திரேலியாவின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட் ஆகிய இரண்டும் இலவசம்.

சில வேளைகளில் எதிர்பாராத இடத்திலிருந்து ஆவணம் கிடைக்கும். திலாவாவின் சரக்கில், தென்னாப்பிரிக்க அரசு நாணயம் அச்சிட வாங்கிய வெள்ளிக் கட்டிகள் இருந்தன. 2017-இல் ஒரு தனியார் நிறுவனம் ஆழ்கடலிலிருந்து 2,364 கட்டிகளை மேலே எடுத்து பிரிட்டனுக்குக் கொண்டுபோக, அவற்றை மீட்டதற்கான ஊதியத்தைத் தென்னாப்பிரிக்க அரசிடமிருந்து அந்த நிறுவனம் கோர முடியுமா என்ற வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2024 மே மாதம் தீர்ப்பு வெளியானது. அந்தத் தீர்ப்புகளின் உண்மை விவரப் பகுதியில், 1942-இல் வெள்ளி எப்படி வாங்கப்பட்டது, எப்படி ஏற்றப்பட்டது என்பது ஆவணச் சான்றோடு எழுதப்பட்டிருக்கிறது. இவை எவரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை. வெள்ளிக்கு இத்தனை நுணுக்கமான பதிவு இருக்கும்போது, அதே கப்பலில் இருந்த 252 பயணிகளின் பெயர்களைக் குடும்பங்கள்தான் ஒன்றுசேர்ந்து தேட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறாத வருத்தம். அந்தக் குடும்பங்கள் 2022 நவம்பரில், 80 ஆண்டு நிறைவில், மும்பையில் கூடி அஞ்சலி செலுத்தின.

கண்டதை எழுதிவைக்கும்போது ஒருவருக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. பெயரின் எல்லா வடிவங்கள், ஊர், தந்தை பெயர், கப்பலில் செய்த வேலை, ஒவ்வொரு தகவலும் எந்தத் தொகுதியின் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பது வரை அதில் இருக்க வேண்டும். பகைவரின் தாக்குதலால் இறந்த மாலுமி ஒருவரின் பெயர் போர்க்கல்லறைகள் ஆணையத்தின் பதிவில் விடுபட்டிருப்பது உறுதியானால், ஆவண நகல்களோடு அந்த ஆணையத்துக்கே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஊழியர் பட்டியலில் அவர் பெயர் உள்ள பக்கமும், அந்தக் கப்பல் பகைவரால் மூழ்கடிக்கப்பட்டதைக் காட்டும் பதிவும், அவர் அதில் இறந்தார் என்பதற்கான சான்றும் வேண்டும். மூன்றும் சேர்ந்துவிட்டால் தாமதிக்காமல் அனுப்புங்கள்.